டிஜிட்டல் பூட்டு வாங்குமுன் கதவை அளந்து பாருங்கள்: சிங்கப்பூர் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

செங்காங்கில் எங்கள் வீடு, ஈசூனில் அம்மா வீடு, பிறகு தம்பி வாங்கிய பிடிஓ வீடு (முன்பதிவின்பேரில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, கட்டித் தருவது) என்று இதுவரை மூன்று வீடுகளுக்குச் சாவியில்லாத பூட்டு போட்டிருக்கிறோம். முதல் வீட்டில் கடைக்குப் போய் அழகான பூட்டைப் பார்த்து, பிடித்ததை வாங்கிவிட்டோம். மாட்ட வந்தவர் மாட்டிவிட்டுப் போனார். அன்று மாலை கதவுக்கு வெளியே இருக்கும் இரும்புக் கேட்டைச் சாத்தப் பார்த்தால் சாத்த முடியவில்லை. கதவுப் பூட்டின் கைப்பிடி கேட்டின் கம்பியில் இடித்தது. அதைச் சரிசெய்யக் கேட்டின் பூட்டுப் பகுதியை வெட்டி, வெல்டிங் வைத்து, மறுபடி சாயம் அடிக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவில் பாதிப் பூட்டு வாங்கியிருக்கலாம்.

இப்போது உறவினரோ அலுவலக நண்பரோ "எந்த பிராண்ட் நல்லா இருக்கும்?" என்று கேட்டால், "உங்க கதவு எப்படிப்பட்டது? வீட்டில் யார் யார் இருக்கீங்க?" என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கடையில் பார்க்க வேண்டிய பூட்டுகள் நான்கைந்தாகக் குறைந்துவிடும்.

வாடகை வீடா, சொந்த வீடா?

இந்தியாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வேலைக்கு வந்து வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் கதவில் ஒரு துளைகூடப் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும். பழைய பூட்டையும் திருகாணிகளையும் ஒரு பையில் போட்டு வைத்திருங்கள், வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்பார்கள். டிஜிட்டல் பூட்டு ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்குக் குடிபோகிறீர்களா? முந்தைய வாடகைதாரரின் விரல்ரேகை, பின் (PIN) எண், அட்டை எல்லாவற்றையும் அழித்துத் தரும்படி உரிமையாளரைக் கேளுங்கள். அவர் அழிப்பதை அருகில் நின்று பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், நீங்கள் வாடகை கொடுத்து வாழப்போகும் வீடு அது.

தனியார் கூட்டுரிமை வீடு (காண்டோ) என்றால் நிர்வாக அலுவலகத்தில் கேட்க வேண்டும். கதவின் வெளித்தோற்றம் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு.

தீத்தடுப்புக் கதவா என்று பாருங்கள்

புதிதாக வீடு வாங்குபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். வீவக வீடுகளில் மாடிப்படிக்கும் மின்தூக்கி முகப்புக்கும் பக்கத்தில் உள்ள வீடுகளுக்குப் பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவுதான் பொருத்தியிருப்பார்கள். வீட்டுக்குள் தீப்பிடித்தால் அரை மணி நேரமாவது அது தீயும் புகையும் வெளியே போகாமல் தடுத்து நிற்கும். அண்டை வீட்டார் மாடிப்படி வழியாக இறங்கித் தப்பிப்பதற்கு அந்த அரை மணி நேரம்தான் அவகாசம்.

கதவைத் திறந்து அதன் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். கீல் பக்கம், கண்ணுக்கு மேல் உயரத்தில், சிறிய உலோகத் தகடோ ஒட்டுச்சீட்டோ இருந்தால் அது தீத்தடுப்புக் கதவு. வாசலுக்கு மேலே கதவைத் தானாக இழுத்துச் சாத்தும் கருவி இருப்பதும் ஓர் அடையாளம். சந்தேகமாக இருந்தால் வீவக கிளையிலேயே கேட்டுவிடலாம்.

இந்தக் கதவில் எந்தப் பூட்டையும் கண்டபடி துளைத்து மாட்டக் கூடாது. கதவையும் பூட்டையும் சேர்த்துத்தான் தீச்சோதனை செய்து சான்றிதழ் தருகிறார்கள். பொருந்தாத பூட்டுக்காகப் பெரிய ஓட்டை போட்டால் தீ அந்த ஓட்டை வழியே வந்துவிடும், சான்றிதழுக்கும் மதிப்பிருக்காது. எனவே கடைக்காரரிடம் நேராகவே கேளுங்கள்: "இந்தப் பூட்டைத் தீத்தடுப்புக் கதவில் போட்டுச் சோதித்த சான்றிதழ் இருக்கிறதா? காட்ட முடியுமா?" "எல்லாரும் போடுறாங்க, ஒண்ணும் ஆகாது" என்ற பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். தானாகச் சாத்தும் கருவி தொந்தரவாக இருக்கிறது என்று அதைக் கழற்றவும் கூடாது.

பிடிஓ வீட்டுச் சாவி வாங்கி ஓராண்டு வரை கட்டுமானக் குறைகளை இலவசமாகச் சரிசெய்து தருவார்கள். கதவு உரசுவது, சட்டம் சாய்ந்திருப்பது போன்ற குறை இருந்தால் அதை முதலில் சொல்லிச் சரிசெய்துகொண்டு, பிறகு பூட்டு போடுங்கள். கதவில் உங்கள் ஆள் துளை போட்ட பிறகு போய்ப் புகார் சொன்னால் குறை யாருடையது என்ற வாக்குவாதம்தான் மிஞ்சும்.

அளவெடுங்கள்

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். முதலில் கதவின் தடிமன். பெரும்பாலான பூட்டுகள் ஏறக்குறைய 40லிருந்து 50 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள மரக்கதவுக்காகச் செய்யப்பட்டவை. கதவு அதைவிட மெலிதாகவோ தடிப்பாகவோ இருந்தால் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்து, பழைய பூட்டைக் கழற்றினால் எவ்வளவு பெரிய ஓட்டை தெரியும் என்று பாருங்கள். புதுப் பூட்டின் முகப்பு அதை மூட வேண்டும்.

மூன்றாவது அளவு, கதவுக்கும் கேட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. நாங்கள் ஏமாந்தது இதில்தான். தள்ளி இழுக்கும் வகைக் கைப்பிடிகள் சில 6, 7 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கேட்டுக்கும் ஒரு பூட்டு போட்டால் அதன் உட்பகுதி கதவை நோக்கி நீட்டும். இரண்டும் ஒரே உயரத்தில் எதிரெதிரே வந்தால் முட்டிக்கொள்ளும்.

தம்பி வீட்டுக்குப் போட்டபோது ஒரு வேலை செய்தோம். காலணி வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை, வாங்க நினைத்த பூட்டின் நீள, அகல, கைப்பிடி உயர அளவுக்கு வெட்டி மடித்து, கதவில் டேப் போட்டு ஒட்டினோம். கேட்டுக்கும் இன்னொரு பெட்டி. இரண்டையும் மெதுவாகச் சாத்திப் பார்த்தபோது அட்டை நசுங்கியது. பூட்டின் இடத்தை இரண்டு அங்குலம் கீழே இறக்கி மறுபடி ஒட்டிப் பார்த்தோம், இடிக்கவில்லை. அந்தப் புள்ளியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அதற்கப்புறம்தான் பணம் கட்டினான்.

கேட்டுக்கா, கதவுக்கா, இரண்டுக்குமா?

நம் வீடுகளில் பகலில் கதவு பெரும்பாலும் திறந்தே கிடக்கும். காற்று வர வேண்டும், சாமி விளக்கின் வெளிச்சம் வாசலுக்குத் தெரிய வேண்டும், பக்கத்து வீட்டு ஆன்ட்டி கையசைத்துவிட்டுப் போக வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பகல் காவல் கேட்தான். கதவுக்கு ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையில் பூட்டு போட்டுவிட்டுக் கேட்டில் பழைய தொங்குபூட்டை வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் சாவியைத் தேட வேண்டியதுதான், சாவியில்லாத பூட்டு போட்டும் பயனில்லை.

கேட்டுக்குப் போடும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டால் உள்பக்கப் பொத்தானைத் தொட முடிகிறதா? பூட்டின் வெளிப்பக்கம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் உள்ளே ஒரு பொத்தானை அழுத்தினால் திறந்துவிடுமே. வெளியிலிருந்து ஒரு கை, ஒரு குச்சி, வளைத்த கம்பி ஒன்று போதும். வீட்டுக்குள்ளிருக்கும் சின்னப் பிள்ளையும் அதே பொத்தானை அழுத்திவிட்டு வெளியே ஓடிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு அசைவு செய்தால்தான் உள்ளிருந்து திறக்கும் வகையைக் கேளுங்கள், அல்லது பொத்தானைச் சுற்றிக் கம்பி இடைவெளியை அடைக்கும் உலோகத் தகடு போட்டுத் தரச் சொல்லுங்கள். எங்கள் கேட்டில் தகடுதான்.

கையில் பணம் குறைவாக இருந்து ஒன்றுதான் போட முடியும் என்றால், தாழ்வாரக் காற்றுக்குக் கதவைத் திறந்து வைக்கும் குடும்பம் கேட்டுக்குப் போடுவது மேல். பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும், இருவரும் வேலைக்குப் போகும் குடும்பம் என்றால் கதவுக்கு. கேட்டின் பூட்டு வெளிக்காற்றிலும் மழைச் சாரலிலும் இருக்கும். திறந்த தாழ்வாரமாக இருந்தால் தண்ணீர் புகாத தரம் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். வாசல் கழுவிக் கோலம் போடும் வழக்கம் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தும்.

எப்படித் திறப்பது?

விரல்ரேகை, பின் எண், அட்டை அல்லது பூட்டில் வைத்தால் திறக்கும் சிறு வில்லை, கைப்பேசி, அவசரத்துக்கு ஒரு உலோகச் சாவி என்று ஐந்து வழிகள் உண்டு. ஐந்தும் ஒரே பூட்டில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு வழி இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று உடம்பையும் கைப்பேசியையும் சார்ந்திராததாக இருக்க வேண்டும். இதை நான் அம்மாவிடம் கற்றேன்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. பூட்டு மாட்டிய அன்று வலது கட்டைவிரலைப் பதிவு செய்தோம், உடனே திறந்தது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் காலை தேங்காய் துருவிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பால் வாங்கக் கீழே போய்த் திரும்பியவருக்குத் திறக்கவில்லை. ஐந்து முறை வைத்ததும் பூட்டு கீச்சென்று கத்திவிட்டுச் சிறிது நேரம் யாருக்குமே திறக்காமல் அடம்பிடித்தது. "என்னடி இது, என் வீட்டுக்குள்ள போக என் விரலே செல்லாதுங்குது" என்று தொலைபேசியில் கேட்டபோது குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பிறகு செய்தது இது: இரண்டு கையிலும் சேர்த்து நான்கு விரல், ஒவ்வொன்றும் இரண்டு முறை. ஒன்று கை உலர்ந்திருக்கும்போது, மற்றது வேலை முடிந்து கழுவியதும். கட்டைவிரலை விட அவருக்கு மோதிர விரல் நன்றாகப் படிகிறது, வேலையில் அது அதிகம் தேய்வதில்லை போலும். அதோடு தாலிக்கயிற்று ஊக்கில் கோத்த ஒரு சிறு வில்லை. இப்போது அவர் பெரும்பாலும் அந்த வில்லையைத்தான் வைக்கிறார். வயதானவர்கள், தோல் வறட்சி உள்ளவர்கள், கட்டுமான வேலை பார்ப்பவர்கள், சமையல்காரர்கள் ஆகியோரின் ரேகையைப் பூட்டு சிரமப்பட்டுத்தான் படிக்கும். கடையில் வைத்திருக்கும் மாதிரிப் பூட்டில் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போய் விரல் வைக்கச் செய்து பாருங்கள். ஒளியால் படமெடுத்துப் படிக்கும் வகை, தோலின் மின்னேற்றத்தை உணரும் வகை இரண்டிலும் வைத்துப் பார்த்து, எது ஒத்துவருகிறதோ அதை எடுங்கள்.

பின் எண் நம்பகமான வழி. ஆனால் அந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ஆறு இலக்கம் கேட்டதும் சிங்கப்பூரில் சட்டென்று மனத்தில் வருவது அஞ்சல் குறியீடு. அது உங்களுக்கு வரும் ஒவ்வொரு பொட்டலத்திலும் இருக்கிறது. அஞ்சல் குறியீடு, வீட்டு எண், கார் எண், பிள்ளையின் பிறந்தநாள் நான்கும் வேண்டாம். உண்மையான எண்ணுக்கு முன்னும் பின்னும் வேறு இலக்கங்களைச் சேர்த்து அழுத்தினாலும் திறக்கும் வசதி பல பூட்டுகளில் உண்டு. பின்னால் யாராவது நின்றால் இது கைகொடுக்கும். தொடுதிரையை வாரம் ஒருமுறை துடைத்துவிடுங்கள், எண்ணெய்க் கை பட்ட இலக்கங்கள் பளிச்சென்று தெரியும்.

கைப்பேசி இணைப்பு வேண்டுமா?

தேவை இருந்தால் மட்டும் வாங்குங்கள். பிள்ளை பள்ளியிலிருந்து வந்துவிட்டதா என்று அலுவலகத்தில் இருந்தபடி பார்க்க வேண்டும், ஊரிலிருந்து உறவினர் வரும்போது ஒருவாரத்துக்கு மட்டும் செல்லும் எண் கொடுக்க வேண்டும் என்பவர்களுக்குப் பெரிய உதவி. வைஃபை நேரடியாகப் பூட்டில் இருந்தால் பேட்டரி வேகமாகத் தீரும். புளூடூத் வகை குறைவாகத்தான் இழுக்கும். வீட்டுக்குள் தனியே ஒரு இணைப்புப் பெட்டி வைத்தால் புளூடூத் பூட்டையும் தூரத்திலிருந்து இயக்கலாம். சிங்கப்பூர் நிறுவனமான இக்லூஹோமின் பூட்டுகள், பூட்டில் இணையமே இல்லாமல் குறிப்பிட்ட நாள்வரை மட்டும் செல்லும் எண்ணைச் செயலியில் உருவாக்கும் முறையில் இயங்குகின்றன. அறை வாடகைக்கு விடுபவர்களுக்கு அந்த முறை வசதி.

இணையத்தோடு இணையும் எந்தப் பூட்டுக்கும் சிங்கப்பூர் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு (சிஎஸ்ஏ) தரும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2020 அக்டோபரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலை அடிப்படை: எல்லாருக்கும் ஒரே தொழிற்சாலைக் கடவுச்சொல் இல்லாமலிருப்பது, மென்பொருள் புதுப்பிப்பு கிடைப்பது போன்றவை. நான்காம் நிலைக்கு, வல்லுநர்கள் கருவிக்குள் ஊடுருவ முயன்று சோதித்திருப்பார்கள். பூட்டுகளுக்கு இந்த முத்திரை கட்டாயமில்லை. ஆனாலும் இரண்டு பூட்டு சமமாகத் தோன்றினால் நான் முத்திரை உள்ளதை எடுப்பேன். வெளிநாட்டு இணையத் தளத்தில் மிக மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத பூட்டை வாங்க வேண்டாம். 2018இல் சீனாவில் கையடக்க மின்காந்தக் கருவி ஒன்றை அருகில் காட்டியதும் சில மலிவுப் பூட்டுகள் தாமாகத் திறந்துகொண்டது பெரிய செய்தியானது.

பேட்டரி தீர்ந்தால்?

பெரும்பாலான பூட்டுகள் நான்கு அல்லது எட்டு ஏஏ பேட்டரியில் ஓடும். தீரப் போகும்போது வாரக்கணக்கில் முன்பே பாட்டுப் பாடியோ விளக்கு மினுக்கியோ எச்சரிக்கும். அதை மீறியும் விட்டுவிட்டால், வெளிப்பக்கம் அடியில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். 9 வோல்ட் சதுரப் பேட்டரியை அதில் அழுத்திப் பிடித்தபடியே பின் எண்ணைப் போட்டால் திறக்கும். புதிய மாடல்கள் சிலவற்றில் அதற்குப் பதில் யுஎஸ்பி-சி துளை, கைப்பேசிக்கான பவர்பேங்க் போதும்.

சாவியைக் காலணி அலமாரியில் ஒளித்து வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, அதை விட்டுவிடுங்கள். அதே அலமாரியில் ஒரு 9 வோல்ட் பேட்டரியைத் தாராளமாக வைக்கலாம். திருடன் எடுத்தாலும் எண் தெரியாமல் அவனுக்கு அது பயன்படாது. உலோகச் சாவி உள்ள பூட்டு என்றால் அந்தச் சாவி உங்கள் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. எங்களுடையது அம்மா வீட்டில், அம்மாவுடையது எங்கள் வீட்டில்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி பற்றியும் ஒன்று. 1989க்குப் பிறகு கட்டிய வீவக வீடுகளில் குப்பைக் குழாய் சமையலறையில் இல்லை, மின்தூக்கிப் பக்கம் பொதுவில் இருக்கிறது. குப்பைப் பையோடு இருபது அடி நடந்துவிட்டுத் திரும்புவதற்குள் கதவு காற்றில் சாத்திப் பூட்டிக்கொள்ளும். உள்ளே கைப்பேசி, அடுப்பில் பருப்பு. பின் எண்ணை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் பார்க்காமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதனால்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

விலையும் கடையும்

மாட்டுக்கூலி சேர்த்து நல்ல பூட்டு சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் போகும். கேட்டும் கதவும் சேர்த்து வாங்கினால் சலுகை தருவார்கள். விலையைப் பேசும்போது நான்கு கேள்வியை மறக்க வேண்டாம்: கேட்டில் வெல்டிங் தேவைப்பட்டால் அது இந்த விலைக்குள் அடக்கமா? உத்தரவாதம் எத்தனை ஆண்டு, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா? இரவில் வெளியே மாட்டிக்கொண்டால் அழைக்க எண் உண்டா? உதிரிப் பாகம் சிங்கப்பூரிலேயே கிடைக்குமா? யேல், சாம்சங், ஷாவ்மி என்று பெயர் எதுவானாலும், பூட்டைச் செய்த நிறுவனத்தை விட அதை மாட்டி, பிறகு பழுதுபார்க்கும் ஆளைத்தான் நீங்கள் அதிகம் நாடுவீர்கள். விலையை மட்டும் பார்த்து மாட்டும் ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மாட்டும் நாள்

வீட்டில் இருங்கள். வேலை முடிந்ததும் ஆளை அனுப்பிவிடாமல், அவர் முன்னாலேயே இவற்றைச் செய்து பாருங்கள். கதவைத் திறந்து வைத்தபடி பேட்டரியைக் கழற்றி, உள்பக்கக் கைப்பிடி தாழை இழுக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. தீ விபத்தில் மின்சாரத்தையும் பேட்டரியையும் நம்பாமல் கையாலேயே திறந்து வெளியேற முடிய வேண்டும். அறை மிகவும் சூடாகிவிட்டால் தானாகத் திறக்கும் வசதி சில பூட்டுகளில் உண்டு, இருக்கட்டும், அதை மட்டும் நம்ப வேண்டாம். அடுத்து, வெளியே நின்று 9 வோல்ட் பேட்டரியால் திறந்து பாருங்கள். கதவையும் கேட்டையும் பத்து முறை சாத்துங்கள், உரசல் சத்தம் கேட்டால் அப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பும், இன்று இலேசாக உரசுவது டிசம்பரில் பூட்டாமல் போகும்.

அவர் போனதும், மற்ற எண்களையும் விரல்களையும் சேர்க்கவோ நீக்கவோ உதவும் தலைமை எண்ணை, தொழிற்சாலையில் வைத்தபடியே விடாமல் மாற்றுங்கள். அவர் சோதனைக்காகப் பதிந்த விரல் ஏதும் மிச்சமிருக்கிறதா பாருங்கள், சந்தேகமாக இருந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். தலைமை எண் கணவன், மனைவி இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். பணிப்பெண்ணுக்குத் தனி எண்ணும் தனி விரல்ரேகையும் கொடுங்கள். வேலையை விட்டுப் போகும்போது அவருடையதை மட்டும் நீக்கிவிடலாம், அவர் மீது வீண் சந்தேகம் வரவும் இடமிருக்காது.

உள்ளிருந்து போடும் கூடுதல் தாழ் ஒன்று பல பூட்டுகளில் இருக்கும். அதைப் போட்டால் வெளியிலிருந்து எண்ணும் விரலும் செல்லாது. தனியாக இருக்கும் பெரியவர்கள் பயத்தில் அதைப் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். குளியலறையில் விழுந்துவிட்டால் நாம் எண்ணைப் போட்டும் உள்ளே போக முடியாது. அம்மாவோடு உட்கார்ந்து இதைப் பேசினோம். இரவில் கேட்டும் கதவும் பூட்டியிருந்தாலே போதும், அந்தத் தாழ் வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார்.

பேட்டரியை எச்சரிக்கைப் பாட்டு கேட்கும் வரை விட்டுவைக்காமல் ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு முந்தைய வாரம், மூன்று வீட்டிலும் மாற்றுகிறோம். ஆல்கலைன் பேட்டரிதான் போட வேண்டும். மறுமின்னேற்றும் வகையின் அழுத்தம் குறைவு, எவ்வளவு மிச்சம் என்று பூட்டு தவறாகக் கணிக்கும். பழையதையும் புதியதையும் கலக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். மாற்றிய தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதிப் பேட்டரி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பழைய பேட்டரிகளை எங்கள் புளோக்குக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு, வருகிற வழியில் அடுத்த ஆண்டுக்கான 9 வோல்ட் ஒன்றும் வாங்கிவந்துவிடுவோம்.